இருபத்துமூன்றுக்கு இருபத்துமூன்று

பேராசிரியர் ஸ்டான்லிக்கு ஒரு புதுச் சொல் மாட்டிவிட்டால் வருஷம் முழுக்க அதை மென்றுகொண்டே இருப்பார். துப்பவும் மாட்டார், விழுங்கவும் மாட்டார். முந்தின வருஷம் ‘பண்பாட்டு மூலதனம்’. போன வருஷம் ‘குறியீட்டு வன்முறை’. இந்த வருஷம் ‘கூட்டுக் கற்றல்’. இந்தக் கடைசிச் சொல்லுக்கு வேண்டிய தீனியை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவள் அருள்செல்விதான். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

அருள்செல்விக்கு முப்பத்திரண்டு வயது. சொந்த ஊர் ராயப்பன்பட்டி. தேனிக்குப் போய்வர வசதியாகப் பழனிசெட்டிபட்டியில் ஒரு மாடி அறை எடுத்துத் தங்கியிருந்தாள். சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு ஆறாவது வருஷமாக இழுத்துக்கொண்டிருந்தது. வயது வந்தோர் கல்விக் கொள்கையில் அண்மையில் நடந்த சீர்திருத்தத்தைச் சமூகவியல் கோட்பாடுகளின் வழியே ஆராய்வதுதான் தலைப்பு. கோட்பாட்டை எல்லாம் உதறிவிட்டுப் பார்த்தால் அவள் கேட்டது ஒரே கேள்வி. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் திட்டத்தை ஏன் நாலைந்து வருஷத்துக்கு ஒரு தரம் பெயர் மாற்றுகிறார்கள்? அதில் யாருக்கு என்ன கிடைக்கிறது?

பெயர் மாற்றுவதில் அவர்களுக்கு அலுப்பே வரவில்லை. முதலில் வகுப்புக்கு வந்தவர்களை ‘மாணவர்’ என்றார்கள். பிறகு ‘பயனாளி’. சீர்திருத்தத்துக்குப் பின் ‘கற்றல் பங்காளி’. சம்பளம் வாங்கிய ஆசிரியர் போய், சம்பளம் இல்லாத ‘தன்னார்வலர்’ வந்தார். வருஷக் கடைசியில் ஒரு தேர்வு. ஒரு மையத்தில் பதிந்தவர்கள் எல்லோரும் தேறிவிட்டால் அந்த மையம் ‘இலக்கு எய்தியது’ என்று பொருள். இலக்கு எய்திய மையத்தை மூடிவிடலாம். நன்றாகச் சொல்லிக் கொடுத்தால் பூட்டு, சொல்லிக் கொடுக்காவிட்டால் தொடரும் என்பதுதான் இவர்கள் கண்ட சீர்திருத்தம். இதைத்தான் அவள் முதல் இயலில் நாகரிகமான மொழியில் நாற்பது பக்கம் எழுதியிருந்தாள்.

அவளுடைய ஆய்வு நெறியாளரான பேராசிரியர் அதைப் படித்து, “பியூட்டிஃபுல், அருள். கிரிட்டிகலா இருக்கு. இனிமே ஃபீல்டுக்குப் போ,” என்றார். அவர் இந்தக் கல்வித் திட்டத்தின் மதிப்பீட்டுக் குழுவிலும் இருந்தார். அவருக்காகக் களத்தகவல் சேகரிக்கிற வேலையும் அவள் தலையில் விழுந்தது. ஆய்வும் ஆச்சு, அறிக்கையும் ஆச்சு என்று சந்தோஷமாகத்தான் கிளம்பினாள்.

சின்னமனூருக்குக் கிழக்கே உள்ளொடுங்கிய ஒரு ஊர். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கூடத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு வகுப்பு. சொல்லிக் கொடுத்தது ரோஸ்லின் என்ற தையல்காரப் பெண், பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். வந்தவர்கள் இருபத்துமூன்று பேரும் பெண்கள். வெங்காயக் காட்டிலும் திராட்சைத் தோட்டத்திலும் வேலை பார்த்துவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு நேராக வந்து உட்காருவார்கள். கையெழுத்துப் போட மகளிர் குழுவிலேயே பழகியிருந்தார்கள். இங்கே வந்தது அதற்காக இல்லை.

மாயக்காள் எதற்காக வந்தாள் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். ஐம்பத்தோரு வயது, கருத்து இறுகிய உடம்பு, யாரிடமும் மென்று விழுங்காத வாய். அவள் வீட்டுக்காரர் அழகுமலை இருபது வருஷமாகத் திராட்சைக்கு மருந்தடிக்கிறவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மருந்து கலக்கும்போது பொங்கி முகத்தில் அடித்தது. ஒரு கண் போய்விட்டது. இன்னொன்றில் வெளிச்சம் தெரியும், ஆள் உருவம் தெரியும், எழுத்துத் தெரியாது. எழுத்து அவருக்கு முன்னாலும் தெரியாது. வேறு வேலை தெரியாததால் இன்னமும் அவர்தான் அடிக்கிறார். மருந்து கலந்து கொடுப்பது மாயக்காள்.

“டப்பாக்குள்ள ஒரு தாளு மடிச்சு வச்சிருக்கான் ஆத்தா,” என்றாள் அருள்செல்வியிடம். “எறும்பு கணக்கா எழுத்து. இந்தி, மலையாளம்னு எல்லாத்துலயும் போட்டு, நம்ம எழுத்துலயும் போட்டிருக்கான். எத்தன தண்ணிக்கு எம்புட்டு ஊத்தணும், எதோட எதச் சேக்கக் கூடாது, எல்லாம் அதுல இருக்காம். கடைக்காரன் வாய நம்பித்தான் இவுக கண்ணு போச்சு. மிச்சமிருக்கிற ஒண்ணையும் நான் கலந்து குடுத்து அவிச்சுப்புட்டா யாரு பதில் சொல்றது? அந்தத் தாள நானே படிக்கணும்.”

இவ்வளவு தெளிவாக எந்தக் கொள்கை ஆவணமும் கல்வியின் நோக்கத்தைச் சொன்னதில்லை என்று அருள்செல்வி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். அடியில் கோடும் போட்டாள்.

பாடப்புத்தகம் இரண்டு பாகம். முதல் பாகம் முடியும்போது மாயக்காளுக்கு ‘பால்’, ‘தண்ணீர்’, ‘தேனி பஸ்’ எல்லாம் சரளமாக வந்தது. சின்னச் சின்ன வாக்கியம் எழுதவும் வந்தது. நீளமான சொல் வந்தால் மாடு மாதிரி நின்றுவிடுவாள். நீளமான சொல்லெல்லாம் இரண்டாம் பாகத்தில் இருந்தது. இரண்டாம் பாகத்தைப் பிரிப்பதற்குள் தேர்வு வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேர்வு நடந்தது. இருபத்துமூன்று பேர் எழுதினார்கள், இருபத்துமூன்று பேரும் தேறினார்கள். மாவட்டத்திலேயே முதல் முழுத் தேர்ச்சி என்று வாட்ஸ்அப்பில் பூமாலைப் படமெல்லாம் போட்டார்கள்.

விடைத்தாள்களைப் பார்க்க அருள்செல்விக்கு அனுமதி கிடைத்தது. புரட்டப் புரட்ட அவளுக்கு விசித்திரமாக இருந்தது. பல தாள்களில் மேல்பாதி நடுங்கி நடுங்கி ஊர்ந்திருந்தது, கீழ்ப்பாதி நேராக ஓடியது. நாலைந்து கைகள்தான் அந்தத் தாள்களின் கடைசிக் கேள்விகளையெல்லாம் எழுதியிருந்தன. அதுவும் கடைசிக் கேள்வியில் தொடங்கி மேலே ஏறி வந்திருந்தன.

மறுநாள் போய் மாயக்காளிடமே கேட்டாள். மாயக்காளுக்கு அது கேள்வியாகவே படவில்லை.

“களையெடுக்கயில ஆளுக்கு ஒரு நெரை பிடிப்போம்ல? முன்னால முடிச்சவ என்ன பண்ணுவா? வரப்புல உக்காந்து வேடிக்க பாப்பாளா? பிந்துனவ நெரையில அந்தக் கடைசியில இருந்து எதுத்து வருவா. ரெண்டு பேரும் நடுவுல முட்டுனா வேல முடிஞ்சது. நான் மேலருந்து வந்தேன், முத்துலட்சுமி கீழருந்து வந்தா. அங்கன நின்ன சாரும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு.”

மேற்பார்வைக்கு வந்தவருக்கும் தேர்ச்சிதான் வேண்டும். அவர் ஏன் வாயைத் திறக்கப் போகிறார்? ரோஸ்லினும் களைக்குப் போன பெண்தான். அவளுக்கும் இதில் தப்பாக எதுவும் தெரியவில்லை.

அருள்செல்விக்குப் புல்லரித்துவிட்டது. ஒவ்வொருத்தரையும் தனித்தனியாக நிறுத்தி அளக்கிற சீர்திருத்தத்தை, அளக்கிறார்கள் என்றே தெரியாமல் இந்தப் பெண்கள் முறியடித்துவிட்டார்கள்! நாலே நாளில் ஐந்தாம் இயலை எழுதி முடித்தாள். மாயக்காளுக்குப் பாதிதான் தெரியும் என்பதும் அதில் ஓர் ஓரமாக இருந்தது. அந்த ஓரத்தை அவள் பெரிதாக நினைக்கவில்லை. கோட்பாடு அவ்வளவு அழகாக உட்கார்ந்திருந்தது.

பேராசிரியருக்கும் அழகு பிடித்துப்போயிற்று. ஆனால் அவருடைய அறிக்கைக்குள் போனது வேறு. ஒரே விடைத்தாளில் இரண்டு பேர் கை இருந்த கதை போகவில்லை. ‘கூட்டுக் கற்றல் முறையால் நூறு விழுக்காடு இலக்கு எய்திய முன்மாதிரி மையம்’ என்பது போயிற்று. களப்பணியாளர் என்ற இடத்தில் அருள்செல்வி கையெழுத்துப் போட்டாள். ‘மையம் தொடரத் தேவை உண்டா?’ என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. அவள் பேனாவை அதற்குக் கொண்டுபோனபோது, “அதை விடு அருள், நான் பாத்துக்கறேன். உன் வைவா பேப்பர் என் டேபிள்லதான் இருக்கு,” என்றார் அவர். இரண்டு வாக்கியத்துக்கும் தொடர்பில்லை என்பதுபோலவே சொன்னார். அவளும் தொடர்பில்லை என்பதுபோலவே கட்டத்தைக் காலியாக விட்டாள்.

அவர் நன்றாகவே பார்த்துக்கொண்டார். ஒன்றரை மாதத்தில் சத்துணவுக்கூடத்து வகுப்பை நிறுத்தினார்கள். கரும்பலகையை யாரோ வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். பிரிக்காத இரண்டாம் பாகப் புத்தகக் கட்டும் அதோடு போயிற்று.

மாயக்காள் இரண்டு பஸ் மாறிப் பழனிசெட்டிபட்டிக்கே வந்துவிட்டாள். மாடிப்படியில் நின்றபடியே சொன்னாள்.

“கிளாச மூடிட்டாக. நாங்க எல்லாம் படிச்சு முடிச்சுட்டமாம். நான் எங்கன முடிச்சேன்? மேல்பாதிதான் என்னுது, ஒனக்குத்தான் தெரியுமே. நீ ஆபீசுல வந்து சொல்லு.”

அருள்செல்வி அவளை உள்ளே உட்கார வைத்தாள். அதைச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தாள். இருபத்துமூன்று சான்றிதழும் ரத்தாகும். காப்பியடித்தார்கள் என்று பேப்பரில் வரும். ரோஸ்லினைப் பிடித்து உலுக்குவார்கள். இத்தனையும் உண்மை. பட்டத்துக்குக் கடைசியாக மிச்சமிருந்த வைவா போய்விடும் என்பதும் உண்மை. ஆனால் மாயக்காளிடம் எடுத்துச் சொன்னபோது முதல் மூன்றை மட்டும்தான் சொன்னாள்.

“காப்பியா?” மாயக்காளுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒருத்திக்கு ஒருத்தி கை குடுத்தா அது களவா?”

“நமக்குத் தெரியும்க்கா. அவுகளுக்குப் புரியாது. பரீட்சையப் பத்திப் பேசவே வேணாம். ரெண்டாம் பாகம் வேணும்னு மட்டும் ஒரு மனு குடுப்போம்.”

“சரி, எழுது.”

“நான் எழுதக் கூடாது. யாரோ தூண்டிவிட்டதாச் சொல்லுவாக. நீங்களே எழுதுங்க. ஒங்க கையெழுத்துல இருந்தாத்தான் அதுக்குப் பலம்.”

சொல்லும்போது அவளுக்கே நெஞ்சு விம்மியது. ‘விளிம்பில் இருப்பவர் தன் குரலில் பேசுவது’ என்று அடுத்த கட்டுரைக்கு ஒரு தலைப்புக்கூட மனதுக்குள் ஓடியது. பின்னால் அந்த நிமிஷத்தை நினைத்துத் தன்னையே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

மாயக்காள் ஒன்பது நாள் எழுதினாள். வெங்காயக் காட்டு வேலை முடிந்து வந்து, தெரிந்த சொல்லை வைத்தே சொல்ல வந்ததைச் சொல்லத் தேடித் தேடி எழுதினாள். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் எல்லாம் தீர்ந்தது. பத்தாம் நாள் ஒரு முழு வெள்ளைத் தாளில் ஐந்து வரி தயாராக இருந்தது.

‘ஐயா. எனக்கு பாதி படிப்பு தான் வரும். மீதி பாதி வேண்டும். மருந்து தாள் படிக்க வேண்டும். கிளாஸ் வேண்டும். மாயக்காள்.’

அருள்செல்வி அதை இரண்டு தரம் படித்தாள். அவள் ஆறு வருஷமாக எழுதிய நானூறு பக்கத்திலும் இப்படி ஒரு பக்கம் இல்லை.

இரண்டு பேரும் தேனிக்குப் போனார்கள். மாயக்காள் கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தாள். திட்ட அலுவலர் மகிழன் முப்பத்தைந்து வயதுக்காரர், சிரித்த முகம். அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. எழுந்து நாற்காலி போட்டார், டீ சொன்னார். பேராசிரியர் ஸ்டான்லியும் அங்கே உட்கார்ந்திருந்தார். அறிக்கை வெளியீட்டு விழாவுக்கு மேடையில் யார் யார் என்று பேச வந்திருந்தாராம்.

மகிழன் மனுவை வாங்கிப் படித்தார். முகம் மலர்ந்தது.

“இதை யாரும்மா எழுதினது?”

“நான்தான் சார்,” என்றாள் மாயக்காள், நிமிர்ந்து உட்கார்ந்து.

“நீங்களேவா? ஒருத்தரும் சொல்லிக் குடுக்கலையே?”

“ஒருத்தரும் இல்ல. ஒம்பது நாளா நானே எழுதுனது.”

மகிழன் தாளைப் பேராசிரியர் பக்கம் திருப்பினார். “பாருங்க சார். ஒரு வருஷப் படிப்புதான். தானா மனு எழுதிக்கிட்டு ஆபீசுக்கே வந்துட்டாங்க. இதுக்கு மேல என்ன வேணும்?”

“ஏஜென்சி! தனக்காகத் தானே பேசுற சக்தி!” என்றார் பேராசிரியர். செல்போனை எடுத்து மனுவைப் படம் பிடித்தார். “ரிப்போர்ட் அட்டைக்கு இதுதான். வேற டிசைனே வேணாம்.”

அருள்செல்விக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கு முழுசாகத் தெரியாது என்று எழுதிய தாளே, உனக்கு எல்லாம் தெரியும் என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. அந்தத் தாளை எழுதச் சொன்னவள் அவள். எதையாவது செய்து அதைத் தடுக்க வேண்டும் என்ற பதற்றத்தில், “சார், இது நான் எழுதிக் குடுத்தது,” என்றாள்.

மாயக்காள் வெடுக்கென்று திரும்பினாள். அவள் முகத்தில் அப்படி ஓர் அடிபட்ட பார்வையை அருள்செல்வி அதுவரை பார்த்ததில்லை.

“ஏன் ஆத்தா பொய் சொல்ற? நீ எப்ப எழுதுன? ஒரு எழுத்து நீ போட்டியா?” குரல் உடைந்தது. “சார், பேனா குடுங்க.”

மேஜையில் கிடந்த காகிதத்தில், மூன்று பேரும் பார்க்கப் பார்க்க, மாயக்காள் எழுதினாள். தன் பெயர், வீட்டுக்காரர் பெயர், ஊர்ப் பெயர். பிறகு மனுவின் ஐந்து வரியையும் தாளைப் பார்க்காமல் திரும்ப எழுதினாள். ஒன்பது நாள் எழுதிய கை, தடங்கலே இல்லாமல் போயிற்று. எழுதி முடித்துப் பேனாவை மூடி வைத்தாள். மகிழன் கை தட்டினார். பேராசிரியரும் தட்டினார். டீ கொண்டுவந்த அலுவலக உதவியாளரும் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்.

ஒடுக்கப்பட்டவர், தன்னை ஒடுக்குகிற அளவுகோலையே நியாயம் என்று ஏற்றுக்கொண்டு, அதன் முன்னால் தன்னை நிரூபித்துக் காட்டுவதுதான் குறியீட்டு வன்முறை. அருள்செல்வி மூன்றாம் இயலில் அதற்கு இருபது பக்கம் ஒதுக்கியிருந்தாள். கோட்பாடு இம்மி பிசகாமல் பொருந்தியது. அப்படிப் பொருந்தியதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. இந்த அறையும், கைதட்டலும், ஏலக்காய் போட்ட டீயின் வாசமும், நடப்பதற்கெல்லாம் உடனே ஒரு பெயர் தேடுகிற தன் மண்டையும் அவளுக்கு ஒருசேர வெறுத்துப்போயின.

“சார்,” என்றாள். “இவங்களால மருந்துத் தாளைப் படிக்க முடியாது. அந்தத் தேர்வில என்ன நடந்ததுன்னா…”

“அருள்,” என்றார் பேராசிரியர், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல். “சொல்ல மறந்துட்டேன். வைவாவுக்குத் தேதி குடுத்துட்டாங்க. வர்ற இருபத்தெட்டு.”

மகிழன் அவளைப் பார்த்துக் காத்திருந்தார். மாயக்காளும் பார்த்தாள். ஒரு வாக்கியம்தான் மிச்சம் இருந்தது.

“ஒண்ணுமில்ல சார்,” என்றாள் அருள்செல்வி.

மகிழன் கோப்பில் மனுவைச் செருகினார். அச்சடித்த ஒரு தாளில் முத்திரை குத்தி, அலுவலக மரியாதையோடு இரண்டு கையாலும் மாயக்காளிடம் கொடுத்தார். “உங்க மனுவுக்கு இதுதாம்மா பதில். பத்திரமா வச்சுக்கங்க. விழாவுக்கு உங்களை மேடையில உட்கார வைக்கப் போறோம்.” மாயக்காள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் அலுவலகச் சுவரோரம் நிழல் பார்த்து நின்றாள். அருள்செல்வி மேல் இருந்த கோபம் அதற்குள் ஆறியிருந்தது. சர்க்கார் முத்திரை போட்ட தாள் கையில் இருந்ததால் எல்லோரையும் மன்னிக்கிற மனநிலையில் இருந்தாள். தாளை விரித்து விரல் வைத்துப் படிக்கத் தொடங்கினாள்.

“மாவட்ட…” என்றாள். அடுத்த சொல் நீளமாக இருந்தது. அதற்கடுத்தது இன்னும் நீளம். விரல் ஒரே இடத்தில் நின்றது. திரும்பத் திரும்ப முதல் எழுத்துக்கே வந்தாள். பிறகு கூச்சத்தோடு சிரித்துத் தாளை நீட்டினாள்.

“பெரிய பெரிய வார்த்தயா இருக்கு. கிளாசு என்னைக்குத் தொடங்குதுன்னு போட்டிருக்காக? அத மட்டும் படிச்சுச் சொல்லு ஆத்தா.”

அருள்செல்வி வாங்கிப் படித்தாள். ஏழு வரி. பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். இன்றைக்கு ஒரு பொய் போதும் என்று தோன்றியது.

“தொடங்கலக்கா. மூடுனது மூடுனதுதான்னு போட்டிருக்கு. ஒங்களுக்கு நல்லா எழுதப் படிக்க வருதாம். அதனால கிளாஸ் தேவையில்லையாம்.”

மாயக்காள் அவளைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், உள்ளே கேட்கிற சிரிப்புச் சத்தத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, உண்மையிலேயே புரியவில்லை.

“பாதிதான் வரும்னு நான் எழுதியிருந்தேனே ஆத்தா,” என்றாள். “அத அவுக படிக்கலையா?”